எந்த ராஜா

இன்றைக்கு என்ன நாடகம் என்று எனக்குத் தெரியவில்லை. முகத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், காசிமணி அரிதாரம் பூசிக்கொண்டிருக்கிறான், இன்னும் ஒன்றேகால் மணி நேரத்தில் மணியடித்துத் திரையைத் தூக்கிவிடுவார்கள். நான் ஒரு ராஜா, அது மட்டும் நிச்சயம். ராஜபார்ட் ஆவுடைநாயகம் வேறு எதுவாக இருக்க முடியும்? எந்த ராஜா என்பதுதான் கேள்வி. இந்தக் கோவில்பட்டி முகாமில் இரண்டு நாடகங்களை ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுகிறோம். ஒன்றில் நான் வீரகேது, கோட்டையைப் பகைவன் வளைத்துக்கொண்டு நிற்கிறான். இன்னொன்றில் நான் சந்திரசூடன், பெற்ற மகனுக்கே மரண தண்டனை விதிக்கிறேன். இரண்டும் நான் எழுதியவை. எழுதியவன், அதுவும் பதினான்கு நாடகம் எழுதியவன், கொழும்பிலும் ரங்கூனிலும் வெள்ளி மெடல் வாங்கியவன், இன்றைக்கு நான் யார் என்று தெரியாமல் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சிரிப்புத்தான் வர வேண்டும். வரவில்லை. பதறாதே, யோசி. ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்றால் கணக்கு சுலபம், நேற்று எதுவோ இன்று அது இல்லை. நேற்று என்ன போட்டோம்? நேற்று. கூட்டம் இருந்தது. இருந்திருக்கும். சாப்பாட்டுக்குப் புளிக்குழம்பு, இல்லை, அது சாத்தூரில். நேற்று. பல் விழுந்த இடத்தை நாக்கு தேடுகிற மாதிரி மனசு அங்கேயே போய்ப் போய் நிற்கிறது, அங்கே ஒன்றும் இல்லை.

அலைச்சல். வேறொன்றுமில்லை, அலைச்சல்தான். பங்குனி வெயிலில் தகரக் கொட்டகைக்குள் கிடந்தால் எவனுக்கும் மூளை கலங்கும். மற்றதெல்லாம் பளிச்சென்று இருக்கிறதே. முதல் முதலாக மேடையேறிய தினத்தன்று எனக்குச் சடை பின்னியவன் விரலில் இருந்த நகச்சுற்றுகூட நினைவிருக்கிறது. அப்போது நான் ஸ்திரீபார்ட். பன்னிரண்டு வயசு, தொண்டை குயில் மாதிரி, நான் அழுதால் முன் வரிசைச் செட்டியார்கள் துண்டால் கண்ணைத் துடைப்பார்கள். பதினைந்தில் மகரக்கட்டு வந்து தொண்டை உடைந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மேல் ஸ்தாயிக்குப் போனேன், தகரத்தைக் கல்லில் இழுத்த மாதிரி ஒரு சத்தம் வந்தது, அது என் சத்தம் என்று தெரிய எனக்கே நேரமாயிற்று. கொட்டகை முழுக்கச் சிரித்தது. அன்றும் இதே பயம்தான். ஆனால் அன்று போனது இன்னதென்று தெரியும், தொண்டை. வெந்நீர் குடிக்கலாம், திப்பிலி போடலாம், காத்திருக்கலாம். பாட முடியாதவன் பேசித்தானே ஆகவேண்டும் என்று வசனம் எழுத ஆரம்பித்தேன். நாற்பது பக்க நோட்டில் எழுதிய முதல் நாடகத்தைக் கம்பெனி முதலாளி வாசித்துவிட்டு, 'இத யாருடே எழுதித் தந்தா?' என்றார். நான்தான் என்றேன். நம்பவில்லை. அவர் முன்னாலேயே உட்கார்ந்து இன்னொரு சீன் எழுதிக் காட்டினேன். அது நினைவிருக்கிறது, மை கொட்டிய இடம் நினைவிருக்கிறது. இப்போது போவது என்ன? அதற்கு என்ன கஷாயம்?

'வாய இறுக்காதிய அண்ணாச்சி, மூக்குக்குக் கீழ வெடிச்சிரும்' என்கிறான் காசிமணி. இருபது வருஷமாக என் முகத்தை மெழுகுகிறவன். அவன் விரலில் தேங்காயெண்ணெயும் முத்துவெள்ளைப் பொடியும் மணக்கிறது. முகத்தை வைத்தாவது கண்டுபிடிக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை, எல்லா ராஜாவுக்கும் ஒரே முகம்தான். அதே மஞ்சள், அதே சிவப்பு, அதே மை மீசை. வெல்வெட் கோட்டு ஒன்றுதான், ஜிகினா உதிர்ந்த அந்தக் கறுப்புக் கோட்டு, வீரகேதுவும் அதைத்தான் போட்டுக்கொள்கிறான், சந்திரசூடனும் அதைத்தான். கிரீடமும் ஒன்றே. தர்பார் படுதாவும் ஒன்றே. எத்தனை தடவை முதலாளியிடம் சொல்லியிருப்பேன், ராஜாவுக்கு ராஜா ஒரு கோட்டாவது மாற்றுங்கள் என்று. இவனிடம் கேட்டுவிட்டால் என்ன? இன்னைக்கு என்ன நாடகம்டே? மூன்றே வார்த்தை. நாக்கு நுனி வரை வருகிறது, அங்கேயே நின்றுவிடுகிறது. காசிமணி நல்லவன், ஆனால் அவன் காதில் விழுந்தது அரை மணி நேரத்தில் அடுப்படி வரை போய்விடும். சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்க்கிறேன்.

'கூட்டம் எப்படிடே இருக்கும் இன்னைக்கு?'

'நம்ம நாடகத்துக்குக் கூட்டத்துக்கு என்ன கொறச்சல் அண்ணாச்சி.'

'அதுசரி. இந்த நாடகத்துல ஒனக்கு ரொம்பப் பிடிச்சது எந்தக் கட்டம்?'

அவன் கை ஒரு நிமிஷம் நின்றது. 'நீங்க சாகுத கட்டம்.'

எல்லா நாடகத்திலும் நான்தான் சாகிறேன். அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறேன், கடைசிக் கைதட்டல் எனக்கே வர வேண்டும் என்று. பதினான்கு சாவு. பேராசைக்காரனுக்கு இதுவும் வேண்டும், இன்னமும் வேண்டும்.

சரி, தெரியாமலேயே போய் நின்றால்தான் என்ன ஆகும் என்று பார்ப்போம். திரை ஏறும். கடவுள் வாழ்த்து முடிந்திருக்கும், அது எல்லா நாடகத்துக்கும் ஒன்றுதான். நான் கம்பீரமாக வருவேன். சிம்மாசனத்தில் உட்காருவேன். 'மந்திரி! நமது நாட்டில் மாதம் மும்மாரி பொழிகிறதா?' ஊரில் இருக்கிற எல்லா ராஜாவும் இதைத்தான் கேட்கிறான், என் ராஜாக்களும் இதைத்தான் கேட்பார்கள், ஆகையால் அதுவரைக்கும் பயமில்லை. மந்திரி 'பொழிகிறது மகாராஜா' என்பான். அதற்கு அடுத்தது? வீரகேது என்றால் பொழிந்தும் என்ன பயன், கோட்டை வாசலில் பகைவன் நிற்கிறானே என்று எடுக்க வேண்டும். சந்திரசூடன் என்றால் மழை பெய்தது சரி, நீதி பெய்ததா என்று கேட்டுக்கொண்டே எழுந்திருக்க வேண்டும். ஒரு மூச்சு விடுகிற நேரம்தான். அந்த ஒரு மூச்சில் தவறான பக்கம் கால் வைத்தால் அதோடு போயிற்று. திண்டுக்கல்லில் வைத்துவிட்டேனே. பதினைந்து நாள் இருக்குமா? மழை பெய்து கூரை ஒழுகிக்கொண்டிருந்தது, தாவூது சாகிபு ஆர்மோனியத்துக்குக் கோணி போட்டு மூடியிருந்தார். அன்று வீரகேது. மழையைக் கேட்டேன், மந்திரி பொழிகிறது என்றான், நான் எழுந்து நின்று நீதி பெய்ததா என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகும் எனக்குத் தெரியவில்லை. மந்திரி பதில் சொன்னான். ராணியாக வந்த குற்றாலிங்கம் மகனுக்காகக் காலில் விழுந்து அழுதான். கால் மணி நேரம், முழுசாகக் கால் மணி நேரம், கம்பெனியே வேறு நாடகத்துக்குள் நடந்துகொண்டிருந்தது. பகைவன் வேஷக்காரன் ஓரத்தில் கத்தியைப் பிடித்துக்கொண்டு விழித்துக்கொண்டு நின்றதைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. எப்படியோ ஒரு தூதனை வரவழைத்துக் கோட்டைக்குத் திரும்பினேன். ஜனங்கள் ஒன்றும் கண்டுகொள்ளவில்லை. நம்மவர்களும் கண்டுகொள்ளவில்லை, கடைசிச் சொல்லைக் கேட்டதும் வாய் தானாகப் பதில் சொல்லிப் பழகியவர்கள், செக்கு மாட்டுக்குத் தடம் தெரிகிற மாதிரி. எனக்கு மட்டும்தான் தெரியும். ஒரே ஒரு தடவை. ஒரு தடவை எவனுக்கும் நடக்கும். இதைச் சொல்லிச் சொல்லித்தான் தினமும் தூங்குகிறேன் என்று நினைக்கிறேன்.

கேட்டுவிடலாம். கேட்டால் என்ன, தலையா போய்விடும்? தலைதான் போகும், அது எனக்குத் தெரியாதா. கோதண்டபாணியின் தலையை வாங்கியவனே நான்தானே. மந்திரி வேஷத்துக்கு அவனைப் போல ஒருவன் பிறக்கவில்லை. என்னைவிட ஐந்து வயசு மூப்பு, மேடைக்கு வெளியே என்னை 'எலே ஆவுடை' என்று கூப்பிடுகிற ஒரே ஆள். ராமநாதபுரத்தில் ஒரு நாள் நடுசபையில் வசனம் மறந்து நின்றான். அவன் கண் என்னைப் பார்த்தது. ஒரு சொல் எடுத்துக் கொடுத்திருந்தால் பிடித்துக்கொண்டிருப்பான். நான் என்ன செய்தேன்? சபையைப் பார்த்துத் திரும்பி, 'மந்திரியாரே, நாக்கைப் பகைவனிடம் அடகு வைத்துவிட்டு வந்தீரோ?' என்றேன். கொட்டகை இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. ஒன்ஸ்மோர் என்று கத்தினார்கள், நான் இன்னொரு தடவையும் சொன்னேன். அவனும் சிரித்தான், வேர்வையில் அரிதாரம் வழிய வழியச் சிரித்தான். பிறகு இன்னும் இரண்டு மூன்று ஊரில் அதே மாதிரி ஆயிற்று. முதலாளிக்கு மனசில்லை, நான்தான் பிடிவாதம் பிடித்து அனுப்பினேன், என் வசனம் கெட்டுப் போகிறதாம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான். 'எலே ஆவுடை, சம்பளம் வேண்டாம். கூட இருந்துக்கிடுதேன். தெரை இழுக்கேன்' என்றான். நான் சொன்னேன், 'தெரைய எப்ப இழுக்கணும்னு ஞாபகம் இருக்குமா?' அதற்கும் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எதைச் சொன்னால் சிரிப்பார்கள் என்று எனக்கு எப்போதும் தெரியும். அப்புறம் அவன் எந்த ஊரில் இருந்தான், இருக்கிறானா, ஒன்றும் விசாரிக்கவில்லை. நான் பாவி. அன்று சிரித்தவர்களில் பாதிப் பேர் இந்தத் தட்டிக்கு அந்தப் பக்கம்தான் பீடி குடித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களிடம் போய் இன்னைக்கு என்ன நாடகம் என்று நான் கேட்க வேண்டும்.

வெளியே பாண்டு சத்தம். நோட்டீஸ் வண்டி! கடவுளே, அதை மறந்தேனே. மாட்டுவண்டியில் தட்டி கட்டி ஊரைச் சுற்றி வருகிறவன் கொட்டகை வாசலில் வந்து நின்று நாடகத்தின் பெயரைத் தொண்டை கிழியச் சொல்லுவான். காசிமணியின் கையைத் தள்ளிவிட்டு நிமிர்ந்து உட்காருகிறேன். பாண்டு நிற்கிறது. 'மகா ஜனங்களே! இன்று மாலை ஏழு மணிக்கு நமது கொட்டகையில் நாடகச் சக்கரவர்த்தி ராஜபார்ட் ஆவுடைநாயகம் அவர்கள்' என்கிறான், அந்த நேரம் பார்த்து மில் சங்கு ஊதுகிறது. ஆறு மணிச் சங்கு. அது ஊதுகிறது, ஊதுகிறது, ஊதிக்கொண்டே இருக்கிறது, இந்த ஊரில் ஒரு சங்கை நிறுத்த எத்தனை பேர் வேண்டுமோ. நின்றபோது, 'தவறாமல் வந்து கண்டு களியுங்கள்' என்று வண்டி நகர்ந்துவிட்டது. கொட்டகைத் தட்டியில் ஒட்டிய நோட்டீஸ் தெரிகிறது, ஆனால் உள்ளேயிருந்து பார்த்தால் பசை ஊறிய பின்பக்கம்தான் தெரியும், எழுத்தெல்லாம் ஊருக்கு. எழுந்து வெளியே போய்ப் பார்க்கலாம். அரிதாரம் பூசிய ராஜா தன் நோட்டீசைத் தானே எழுத்துக் கூட்டிப் படிப்பதைக் கோவில்பட்டி பார்க்கட்டும். 'ஆடாதிய அண்ணாச்சி' என்று காசிமணி தோளை அழுத்துகிறான். அவன் விரல் புருவத்துக்கு மேலே மை இழுக்கிறது. இந்த மஞ்சள் காய்ந்து இறுகுவது எனக்கு எப்போதும் பிடிக்கும், என் முகம் போய் ராஜாவின் முகம் வந்துவிட்டது என்று அர்த்தம். இன்று அது இறுக இறுக உள்ளே ஆளே இல்லாத மாதிரி இருக்கிறது. நேற்று என்ன போட்டோம்? வீரகேது. ஆமாம், வீரகேதுதான், கத்தியில் கை பட்டு எரிந்தது. கையைப் பார்க்கிறேன். காயம் இல்லை.

காசிமணி எழுந்து போய்விட்டான். கோட்டுக்குள் நெஞ்சு அடிக்கிற அடியில் ஜிகினா நடுங்குவது கண்ணாடியில் தெரிகிறது. கத்தி இருக்கிறதா, கட்டாரி இருக்கிறதா என்று பார்த்தால் வீரகேதுவா மற்றவனா என்று தெரிந்துவிடும், ஆனால் இரண்டும் என் பக்கத்தில் பெட்டி மேல் கிடக்கின்றன. யார் இரண்டையும் வைத்தது? அந்தப் பக்கம் தாவூது சாகிபு ஆர்மோனியத்தில் சுருதி பிடித்துவிட்டார். கடவுள் வாழ்த்து தொடங்குகிறது. மூன்று அடி. பிறகு மணி. பிறகு நான். காய்ச்சல் என்று படுத்துவிடலாமா? முப்பது வருஷத்தில் ஒரு நாள் படுத்ததில்லை, ரங்கூனில் நூற்று மூன்று டிகிரியோடு செத்து விழுந்து எழுந்து கும்பிட்டிருக்கிறேன். கொட்டகைக்குள் ஜனம் இருமுகிறது, பிள்ளை அழுகிறது, மூன்றாவது வரிசைக்காரர்கள் வந்திருப்பார்கள், என் வசனத்தை எனக்கு முன்னால் முணுமுணுக்கிறவர்கள். ஒரு சொல் பிசகினால் திரும்பிப் பக்கத்து ஆளைப் பார்ப்பார்கள். அப்புறம் எவனாவது ஒருவன் சிரிப்பான். முதலில் ஒருவன்தான் சிரிப்பான்.

குற்றாலிங்கம் வந்து நிற்கிறான். பச்சைச் சேலை, தோளில் வங்கி, கொண்டை நிறையத் தாழம்பூ. இரண்டு ராணிக்கும் அதே பச்சைச் சேலை. ஒன்பது வருஷமாக என் ராணி இவன், மேடையில் என் மடியில் தலை வைத்து இருநூறு தடவையாவது அழுதிருப்பான், கீழே வந்தால் பெண்டாட்டி பிள்ளைகளுக்குத் தென்காசிக்குக் கடுதாசி எழுதிக்கொண்டு ஒரு மூலையில் இருப்பான். அதிகம் பேசமாட்டான். பெட்டி மேல் கிடந்த இரண்டையும் பார்த்துவிட்டுக் கத்தியை எடுத்து என் இடுப்பில் செருகுகிறான். அதைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் உயிர் வந்தது. கத்தி என்றால் வீரகேது. இல்லை, கத்தி சந்திரசூடனுக்கு, மகனை வெட்ட. இல்லை. கட்டாரி யாருக்கு? நான் எழுதியதுதானே, யாருக்குக் கட்டாரி கொடுத்தேன்? இரண்டாவது அடி முடிந்தது. மூன்றாவது அடியைப் பின்பாட்டுக்காரன் இழுக்கிறான். இவ்வளவுதான், இனி பொறுக்க முடியாது. என்னைத் துரத்தட்டும், சிரிக்கட்டும், திரை இழுக்க வைக்கட்டும். அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். வளையல் நொறுங்கியது.

'குற்றாலம். இன்னைக்கு நான் எந்த ராசாடே?'

அவன் முகம் மாறும் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன். மாறவில்லை. கிரீடத்தை நேராக்கிக்கொண்டே, பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொல்கிறான்.

'வீரகேது, அண்ணாச்சி. மந்திரி பொழிகிறதும்பான். நீங்க பொழிந்தும் என்ன பயன்னு எடுங்க. அங்கன மாறிட்டாலும் பயப்படாதிய, நீங்க எந்தப் பக்கம் போனாலும் நாங்க பின்னாலயே வந்துருவோம். எல்லாருக்கும் ரெண்டும் பாடம். தாவூது அண்ணன் பாட்டுக்கு மொத அடிய வாசிச்சுக் காட்டுவாரு.'

இவ்வளவையும் எப்படி இத்தனை தயாராக வைத்திருக்கிறான்?

'நான் கேப்பேன்னு ஒனக்கு எப்படித் தெரியும்?'

'தெனமும் இந்த எடத்துல கேக்கியளே.'

'எப்ப இருந்து?'

'திண்டுக்கல்லுல இருந்து.'

'அது பதினஞ்சு நாளுதானடே ஆச்சு?'

'ஐப்பசில போனோம் அண்ணாச்சி. இப்பம் பங்குனி.'

ஐந்து மாதம். என்னைச் சுற்றி ஐந்து மாதமாக ஒரு கம்பெனியே இன்னொரு நாடகம் ஆடிக்கொண்டிருக்கிறது, அதில் ராஜாவுக்கு மட்டும் ஒன்றும் தெரியாது. ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. எனக்கு அழ வேண்டும் போல இருந்தது, நன்றியா அவமானமா சொல்லத் தெரியவில்லை, அரிதாரம் கரையும் என்று அடக்கிக்கொண்டேன். பிறகுதான் மெதுவாக அந்தப் பெரிய பயம் வந்தது. இந்த ஒன்றேகால் மணி நேர அவஸ்தையை நான் நேற்றும் பட்டேனா? முந்தாநாளும்? பாட்டு நின்றுவிட்டது. கேட்காமல் போக முடியவில்லை.

'எலே, எப்ப இருந்துன்னு இப்பம் கேட்டேன்லா? இத நான் முன்னாடியும் கேட்டிருக்கேனா?'

குற்றாலிங்கம் உடைந்த வளையல் துண்டைக் கையிலிருந்து உதறிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்க்கவில்லை.

'அதயுந்தான் தெனமும் கேக்கிய, அண்ணாச்சி.'

மணி அடித்தது. அவன் என் முழங்கையைப் பிடித்து வெளிச்சத்தின் பக்கம் திருப்பிவிட்டான்.